எதிர்க்கரைக்காரன்

சித்திரை பிறந்து, செவ்வல்பட்டியில் கருவேல மரத்து நிழல்கூடச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தங்கப்பழம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்குள், அதுநாள்வரை அலைக்கு மேலே ஒரு கையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தவன், தூக்கிய கையைத் தண்ணீரில் போட்டு, மறு கையை எடுத்து வீசி, நீந்தத் தொடங்கினான்.

அதை முதலில் பார்த்தவள் சொர்ணக்கிளி. சட்டத்தில் படிந்த தூசியைத் துடைத்த துணி ஈரமானதால்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வல்பட்டிக்காரர்கள் பஸ் ஏறி அரை நாள் போகவேண்டும். அவள் துணியைப் பிழிந்தாள், படத்திலிருந்தவன் நான்கைந்து வீச்சு நீந்துவதைப் பார்த்தாள், பிறகு அடுத்த ஜன்னலைத் துடைக்கப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மண்டபத்தின் சொந்தக்காரர் தங்கப்பழத்தின் கூடப்பிறந்த தங்கச்சி அவள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, இடுப்பில் மண்டபத்துச் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு, ஊரான் வீட்டுப் பெண்ணுக்கெல்லாம் ஆரத்தித் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கண்ணால் கண்டதை வாயால் சொல்லும் பழக்கத்தை அந்த வீடு அவளிடமிருந்து எப்போதோ பிடுங்கிக்கொண்டிருந்தது.

படம் அவர்களின் அப்பா காலத்தது. கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், ஊர் திரும்பும்போது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். கதவைவிட உயரமான படம். இடப்பக்கம் கடலுக்குள் இறங்கி நிற்கும் ஒரு கல்கோபுரம், கோபுரத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, மற்ற இடமெல்லாம் இருட்டு, இருட்டுக்குள் கறுத்த தண்ணீர், அந்தத் தண்ணீரின் வலக்கோடியில் மிளகு அளவுக்கு ஒரு தலை. குளிக்கப்போன புருஷனை இன்னும் காணோமே என்று அவள் விளக்கெடுத்துப் பார்க்கிறாள் என்பதுதான் ஊரார் அந்தப் படத்துக்கு வைத்திருந்த அர்த்தம். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை, யோசிக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்கு யாரும் வருவதுமில்லை.

வைகாசியில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் கடைசி இலைக்கு உட்கார்ந்தவர் ரசத்தில் உப்புக் கூடிப்போச்சு என்று சத்தம் போட, பரிமாறினவன் குனிந்து பார்க்க, இலைமேல் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழுவதையும், அது படத்துச் சட்டத்திலிருந்து விழுவதையும், மிளகளவே இருந்த தலை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகிவிட்டதையும் பார்த்தான். அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. வந்தார்கள், பார்த்தார்கள், இவன் நல்லாத்தான் நீந்துறான் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தலைக்கும் கோபுரத்துக்கும் இடையில் எத்தனை சாண் என்று அளந்தார்கள், நேற்றைவிட இன்று குறைந்திருப்பதைக் கண்டு ஒருவருக்கொருவர் தலையில் தட்டிக்கொண்டார்கள். தரையில் காய்ந்து பொரிந்த உப்பைப் பெண்கள் முந்தானையில் வாரிக்கொண்டு போய் மாட்டுத் தவிட்டில் கலந்தார்கள். ஒரு மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. படத்துக்குக் கீழே ஒரு அலுமினியச் சட்டியை வைத்துவிட்டுப் பந்தியை வழக்கம்போலப் போட்டார்கள்.

பழகாமல் போனது பிச்சையா வாத்தியார் வாயைத் திறந்த பிறகுதான். சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்று, "அட, இது கிரேக்கக் கதையில்லா," என்றார். தங்கப்பழமும் மேலத்தெருப் பெரிய ஆட்களும் பாயாசத்தைக் குடித்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாருக்குக் கேட்க ஆள் கிடைத்ததில் சந்தோஷம்.

"அந்தப் பிள்ளை பேரு ஹீரோ," என்றார்.

"ஹீரோன்னா ஆம்பளையில்லா சார்?"

"அவுக ஊர்ல பொம்பளைக்கு அந்தப் பேரு. இந்தப் பையன் பேரு லியாண்டர். நடுவுல கடல். தினம் ராத்திரி அவ ஜன்னல்ல விளக்கு வைப்பா. அந்த வெளிச்சத்தைக் குறியா வச்சு அவன் நீந்தி வருவான். வந்துட்டு, விடியுறதுக்குள்ள திரும்பி நீந்திப் போயிருவான்."



"ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிட்டுதா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல."

"பெண்ணு வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன் எந்த ஊருக்காரன்?"

"எதிர்க்கரை," என்றார் வாத்தியார், எந்த வார்த்தையை எந்த இடத்தில் உச்சரிக்கிறோம் என்று தெரியாமல்.

செவ்வல்பட்டிக்கு நடுவில் ஒரு கண்மாய் கிடந்தது. இந்தக் கரையில் மேலத்தெரு, அந்தக் கரையில் கீழத்தெரு. கண்மாயில் தண்ணீர் வற்றி, முள் முளைத்து, ஆடுகள் குறுக்கே நடந்துபோகிற காலம் வந்த பிறகும் கரை கரையாகத்தான் இருந்தது. கீழத்தெரு ஆட்களைப் பேர் சொல்லாமல் குறிப்பிட மேலத்தெரு வைத்திருந்த வார்த்தை எதிர்க்கரைக்காரன். கல்யாண மண்டபத்துக்கு எதிர்க்கரைக்காரர்கள் மேளத்தோடு வருவார்கள், எச்சில் இலையோடு பின்வாசல் வழியே போவார்கள். அந்த வார்த்தை பந்தி நடுவில் விழுந்ததும், அதுவரை யாரோ ஒரு வெள்ளைக்காரியாக இருந்தவள் மேலத்தெருப் பெண்ணாகிவிட்டாள். கல்வீட்டில் மாடியில் இருக்கிறாளே, வேறு யாராக இருப்பாள்? யாரோ ஒரு நீச்சல்காரனாக இருந்தவன் அவள் வீட்டுக்குள் ஏற வருகிற எதிர்க்கரைக்காரன் ஆகிவிட்டான்.

"கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"ஒருநா காத்து அடிச்சு விளக்கு அணைஞ்சுபோச்சு. தெச தெரியாம அவன் முங்கிச் செத்தான். காலையில பொணத்தைப் பாத்துட்டு அவளும் மேல இருந்து குதிச்சிட்டா."

தங்கப்பழம் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ விளக்கு அணையணும்," என்றார்.

சுவரோரம் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்த சொர்ணக்கிளி தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை, ஆனால் அவள் ஏன் போனாள் என்பது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அவளுக்கு இருபத்தொரு வயதில் தவமணி என்று ஒருவன் இருந்தான். கல்யாணங்களுக்கு மைக்செட்டும் சீரியல் பல்பும் கட்டுகிறவன், கீழத்தெரு. மண்டபத்து முகப்பில் ஏணி போட்டு அவன் பல்பு கட்டும்போது, மாடி ஜன்னலில் நின்று எந்தப் பல்பு எரியவில்லை என்று அவள் சொல்லுவாள், எரியாத பல்பு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கூடிக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு நாள் கல்குவாரிக் குட்டையில் அவனைப் பிணமாக எடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்துவிட்டான், நீச்சல் தெரியாது என்றார்கள். அதற்கு முந்தின நாள் இருட்டும் வேளையில் அண்ணனும் அண்ணனின் கூட்டாளிகளும் நல்ல பசியோடு வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறியும் சோறும் கேட்டார்கள், மாடியறைப் பூட்டைத் திறந்து அவளைக் கீழே இறக்கிப் பரிமாறச் சொன்னார்கள், பரிமாறினாள். மறுநாள் துவைக்கப் போட்ட வேட்டிகளில் முழங்கால்வரை பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. அதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வெளுத்துக் காயப்போட்டதும் அவள்தான். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒன்றை மட்டும் அண்ணனால் மாற்ற முடியவில்லை, அடித்தும் பார்த்துவிட்டார்.

வாத்தியார் கதை சொன்ன மறுநாளிலிருந்து மேலத்தெருவின் முகம் மாறிற்று. முதலில் படத்தைக் கழற்றப் பார்த்தார்கள். அரிசி மூட்டை தூக்குகிற ஆட்கள் சேர்ந்து பிடித்தும் படம் இம்மியளவு நகரவில்லை. ஒரு கடலைச் சுவரிலிருந்து எப்படிக் கழற்றுவது என்று ஒருவன் கேட்டுவிட்டுக் கையை உதறினான். கொளுத்தப் பார்த்தார்கள், ஈரத்தில் நெருப்புப் பிடிக்கவில்லை. போர்வை போட்டு மூடினார்கள், போர்வை ஊறிக் கனத்துத் தானாக விழுந்தது. சுவரையே இடித்துவிடலாம் என்றதற்குக் கொத்தனார் மறுத்துவிட்டார், சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ யார் கண்டது என்றார். இதற்கிடையில் தலை தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. மூக்கும் கண்ணும் தெரிந்தன. தண்ணீருக்கு மேலே தோள்பட்டை மினுங்கியது. மண்டபத்தில் பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஊர் மண்டபத்துக்குப் போனார்கள், ஒரு எதிர்க்கரைக்காரன் வேர்க்க விறுவிறுக்க ஒரு பெண்ணைத் தேடி வந்துகொண்டிருக்கும்போது அவன் மூஞ்சிக்கு முன்னால் எங்கள் பெண்ணை உட்கார வைத்து எப்படிச் சோறு போடுவது என்று கேட்டார்கள். தங்கப்பழத்தின் மனைவி கனகமணி, படத்திலிருக்கிறவளைப் பார்த்து, "கையைக் கீழ போடுதாளா பாரு, வெக்கம் கெட்டவ," என்று காறித் துப்பினாள். துப்பிவிட்டுத் திரும்பும்போது சொர்ணக்கிளியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

கீழத்தெருக்காரர்களும் கேள்விப்பட்டு வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துப் பின்ஜன்னல் எச்சில் இலை போடும் சந்துப் பக்கம் திறந்தது, கம்பிக்கு அந்தப் புறம் நின்று பார்த்தார்கள். சத்தம் போடவில்லை. யாரும் கை தட்டவுமில்லை. வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் நின்று, அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படிப் பேசாமல் நின்றதுதான் மேலத்தெருவுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அந்த ஜன்னலை இழுத்துச் சாத்து," என்றார் தங்கப்பழம்.

சொர்ணக்கிளி சாத்தப் போனபோது கம்பிக்கு வெளியே ஒரே ஒருத்தி நின்றிருந்தாள். தவமணியின் அம்மா பேச்சியம்மாள். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சாத்தப் போறியா?" என்றாள் பேச்சியம்மாள்.

"அண்ணன் சாத்தச் சொல்லுதாக."

"உங்க அண்ணன் சொன்னா நீ எதையும் சாத்துவ."

சொர்ணக்கிளி கதவைப் பிடித்த கையோடு நின்றாள். பேச்சியம்மாள் அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"எம் மகனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எழுதி வாங்கிட்டுப் போனாக. அவன் கைப்பிள்ளையில இருந்து அந்தக் குவாரித் தண்ணியில கெடந்து வளந்தவன். இவனைவிட நல்லா நீந்துவான்." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தள்ளிவிட்டுட்டு நாலு பக்கமும் கரையைச் சுத்தி நின்னானுங்க. அவன் எங்க ஏறினாலும் கம்பால குத்தி உள்ள தள்ளினானுங்க. மத்தியானத்துல இருந்து பொழுது சாயுற வரைக்கும். கை ஓஞ்சுபோயிதான் முங்குனான். ஆடு மேச்சவ ஒருத்தி பாறைக்குப் பின்னால இருந்து பாத்தா."

"நீங்க இதை யார்கிட்டயும் சொல்லலியா?"

"யார்கிட்ட சொல்ல? நீ கேட்டு வருவன்னு இருந்தேன். நீ வரல."

மாடியறைக்கு வெளிப்புறம் பூட்டுப் போட்டிருந்ததைச் சொர்ணக்கிளி சொல்லவில்லை. சொன்னால் அது பதிலாக ஆகாது என்று அவளுக்குப் பட்டது. ஜன்னலைச் சாத்தாமல் திரும்பி வந்தாள். அன்று முழுக்க அவள் கண்ணுக்குள் முழங்கால்வரை ஏறிய பாசிதான் நின்றது. தள்ளிவிட்டவன் காலில் அவ்வளவு பாசி எப்படி வரும் என்று இத்தனை வருஷமாகத் தன்னைத் தானே கேட்காமல் இருந்திருக்கிறாள். வெகுநேரம் தண்ணீருக்குள் இறங்கி நின்றிருக்கிறார்கள்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், சுவர் விளம்பரம் எழுதுகிற சோலைமுத்துவைக் கூட்டிவந்தார்கள். அப்போது நீந்துகிறவன் கோபுரத்துக்கு ஏறக்குறைய அடியில் இருந்தான். மூச்சு வாங்குவது கூடம் முழுக்கக் கேட்டது. சோலைமுத்து கறுப்பு எனாமல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"ஈரத்துல பெயிண்ட் நிக்காது அண்ணாச்சி," என்றான். "மேல தோல் மாதிரி படியும், அவ்வளவுதான்."

"படிஞ்சாப் போதும்."

சோலைமுத்து மேசைமேல் ஏறி, முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, ஜன்னலில் நிற்பவளின் கையிலிருந்த விளக்கின்மேல் கறுப்பை அப்பினான். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். எங்கே இழுப்பாள், அவள் இடம் அந்த ஜன்னலளவுதான். வெளிச்சம் போனதும் படம் முழுவதும் இருட்டு கெட்டியாயிற்று. அவன் நீந்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தான். இடப்பக்கம் கொஞ்சம் போனான், வலப்பக்கம் கொஞ்சம் போனான். சட்டத்து ஓரத்தில் போய் முட்டித் திரும்பினான். பிறகு வட்டமடிக்கத் தொடங்கினான். மேலத்தெரு ஆட்கள் நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம் தாங்குவான் என்று பேசிக்கொண்டார்கள். கனகமணி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

சொர்ணக்கிளி அடுக்களையிலிருந்து காமாட்சி விளக்கை ஏற்றிக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வருகிற புதுப்பெண்ணின் கையில் கொடுக்கிற விளக்கு அது. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு படத்துக்கு எதிரே நின்றாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, அவள் எதையும் செய்யமாட்டாள் என்று அவர்களுக்கு அவ்வளவு உறுதி.

படத்திலிருந்தவன் வெளிச்சத்தைக் கண்டான். திரும்பினான். கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, நேராகக் கூடத்தைப் பார்த்து, இவர்களைப் பார்த்து நீந்தி வர ஆரம்பித்தான். அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டி, அலுமினியச் சட்டியை மிதக்கவைத்து, நாற்காலிக் கால்களை நனைத்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவன் போய்ப் பந்தல்கால் கம்புகளைக் கட்டாக எடுத்துவந்து பிரித்துக் கொடுத்தான். அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நனையத் தண்ணீரில் நின்றார்கள், படத்தின் அடிச்சட்டத்தைச் சுற்றி, ஒருவர் தோளோடு ஒருவர் தோள் இடிக்காத அளவுக்கு இடம் விட்டு. யாரும் யாருக்கும் எப்படி நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வரட்டும்," என்றார் தங்கப்பழம். "நல்லாக் காட்டுட்டி விளக்கை. வரட்டும்."

சொர்ணக்கிளி மேலே பார்த்தாள். ஜன்னலில் நின்றவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு போகிற திருடியைப் பார்க்கிற பார்வை. அதில் தப்பே இல்லை என்று சொர்ணக்கிளிக்குத் தோன்றியது. இந்த விளக்கை அணைத்தால் அவன் முங்கிவிடுவான். அணைக்காவிட்டால் இவர்கள் காலடிக்கு வந்து சேருவான். இரண்டில் எதைச் செய்தாலும் அது அண்ணனுக்குச் செய்கிற காரியம்.

விளக்கை எரிகிறபடியே எதிர்ச்சுவர்த் திண்டில் வைத்தாள். அடுக்களைக்குள் போனாள். தோசைத்திருப்பியை எடுத்துவந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சோலைமுத்து ஏறிய அதே மேசைமேல் ஏறி, காய்ந்தும் காயாமலும் இருந்த கறுப்பின் ஓரத்தில் திருப்பியின் முனையைக் கொடுத்து நெம்பினாள்.

கம்போடு நின்றவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. கனகமணிதான் கண்டாள். "உங்க தங்கச்சி என்ன செய்யுதா பாருங்க," என்றாள். தங்கப்பழம் கம்பைப் போட்டுவிட்டு வந்து அவள் காலைப் பிடித்து இழுத்தார். அவள் சட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். தோசைத்திருப்பி கைநழுவித் தண்ணீரில் விழுந்தது.

"இறங்குட்டி. சொல்லுதேன், இறங்கு."

"கரையைச் சுத்தி நின்னிகளா அண்ணே?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி. அவள் கீழே பார்க்கவில்லை, நகத்தால் கறுப்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். "பொழுது சாயுற வரைக்கும் நின்னிகளா?"

தங்கப்பழத்தின் பிடி தளரவில்லை. ஆனால் அவர் இழுப்பதை நிறுத்தினார். "குடும்ப மானத்துக்கு," என்று மட்டும் சொன்னார்.

"சோறு போட்டேன் உங்களுக்கு," என்றாள் அவள்.

அப்போது நகத்துக்குக் கறுப்பின் ஒரு முனை அகப்பட்டது. பாலாடையை எடுப்பதுபோல் அதைப் பிடித்து உரித்தாள், முழுசாக ஒரே தோலாக வந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அத்தனை நேரமும் மூடிய கறுப்புக்குள் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தீ அவள் விரல் நுனிகளைச் சுட்டுப் பொசுக்கியது. பட்டப்பகலில், ஜன்னலெல்லாம் திறந்துகிடந்த கூடத்தில், அந்த வெளிச்சம் வெயிலைவிட வெள்ளையாக அடித்து, கம்பு பிடித்தவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் விழுந்தது. அவர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். தங்கப்பழம் அவள் காலை விட்டுவிட்டார்.

சட்டத்தின் விளிம்புக்கு ஒரு கை தூரத்தில் வந்துவிட்டிருந்தவன், முதுகுப்பக்கம் வெளிச்சம் விழுந்ததும் திரும்பினான். ஓய்ந்துபோன கைகளால் தண்ணீரைக் கீறிக்கொண்டு, முங்கி எழுந்து, முங்கி எழுந்து, கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ஜன்னலில் நின்றவள் விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி அவனை உள்ளே இழுத்தாள். அவன் குதிகால் கடைசியாக ஜன்னலுக்குள் போயிற்று. பிறகு அவள் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தாள். யாரையும் பார்த்து நன்றி சொல்ல அவளுக்கு நேரமில்லை, மனமும் இல்லை. ஜன்னல் கதவை இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

படத்தில் இப்போது ஒரு சாத்திய ஜன்னலும் கறுத்த தண்ணீரும் மட்டும் இருந்தன. தண்ணீர் சொட்டுவது நின்றுவிட்டது. மேலத்தெரு ஆட்கள் அந்தச் சாத்திய ஜன்னலைப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்கு வந்திருந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்பதுபோல ஒரு கோபம் அவர்களுக்கு வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே. கல்லை எடுத்து ஒருவன் அந்த ஜன்னல்மேல் எறிந்தான், டப்பென்று ஒரு சத்தம், பிறகு தண்ணீரில் விழுகிற சத்தம்.

"விடியுறதுக்குள்ள திரும்பிப் போவான்னு வாத்தியார் சொன்னாருல்லா," என்றார் தங்கப்பழம் கடைசியில். "இந்த வழியாத்தானே போகணும். இருப்போம்." ஈர நாற்காலிகளை நிமிர்த்திப் போட்டு, கம்பை மடிமேல் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தங்கச்சியைப் பார்க்காமலேயே, "இந்த வாசல்படியை இனிமே நீ மிதிக்கக் கூடாது," என்றார்.

சொர்ணக்கிளி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்வாசல் வழியாக, எச்சில் இலைச் சந்து வழியாக, கண்மாய்க்குள் இறங்கினாள். உச்சி வெயில். முள்ளுக்கு நடுவில் ஆடு போகிற தடம் ஒன்று இருந்தது, அதில் நடந்து மறுகரை ஏறினாள். இருபத்தொரு வயதிலிருந்து தினமும் மாடியிலிருந்து பார்த்த கரை. ஏறுவதற்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் சாக்கை விரித்துப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து வாசல்களில் பேச்சு நின்றது. பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"இங்க எதுக்கு வந்த?"

"இருக்க வந்தேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? உன் பின்னாலயே அவனுங்க வருவானுங்க. இந்தத் தெருவைக் கொளுத்துவானுங்க."

"வரமாட்டாக. படத்துக்கு முன்னால கம்போட உக்காந்திருக்காக. விடியுறதுக்குள்ள அவன் திரும்பி நீந்தணும்லா, அதுக்குக் காத்திருக்காக."

பேச்சியம்மாள் ஒரு புளியம்பழத்தை உடைத்து, கொட்டையைத் தட்டி, கல்லுக்கு அந்தப் பக்கம் போட்டாள்.

"அங்க எப்ப விடியும்?"

"அந்தப் படத்துல விடியாது," என்றாள் சொர்ணக்கிளி. "அதுல ராத்திரி மட்டுந்தான் வரைஞ்சிருக்கு."

கல்லில் புளி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பேச்சியம்மாள் தலையைத் தூக்காமல், கையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையைத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தாள். சொர்ணக்கிளி சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு புளியம்பழத்தை எடுத்தாள். பொசுங்கிய விரல்களில் புளி பட்டதும் பல்லைக் கடித்தாள். பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பழத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிப் போட்டாள்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னத்தப் புளி உடைப்ப. சும்மா இரு." கொஞ்சம் பொறுத்து, "உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத," என்றாள்.

"நெனைக்கல," என்றாள் சொர்ணக்கிளி.